அரிய நூல் வணிகம், வட சென்னை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய புத்தகக் கடைக்காரரும் அரிய நூல் வணிகரும் ஒன்றா?

கடை ஒன்றாக இருக்கலாம், வேலை வேறு. கடையை ஓட்டுவது பழைய பாடநூலும் போட்டித்தேர்வுக் கையேடும் மருத்துவ, பொறியியல் புத்தகங்களும்தான். ஜூன், ஜூலையில் அவை போகிற போக்கில்தான் வருஷத்து வாடகை தேறும். அரிய நூல் அதே கடையின் பின்வரிசையில், கேட்டு ஆள் வரும்வரை ஐந்து வருஷமோ பத்து வருஷமோ கிடக்கும். அவ்வளவு காலம் பணத்தை முடக்கி வைக்கத் துணிவு வேண்டும். அந்த நூலுக்கு எத்தனை பதிப்பு வந்தது, எதில் அநுபந்தம் உண்டு, எதில் முன்னுரை மாறியது என்ற படிப்பும் வேண்டும். இரண்டும் சேர்ந்தவரைத்தான் இந்தப் பக்கம் வணிகர் என்று சொல்கிறது. அவருக்குப் பட்டமோ பெயர்ப்பலகையோ பெரும்பாலும் இருக்காது.

இந்தத் தொழில் ஏன் வட சென்னையில் வேர்விட்டது?

அச்சு இங்கே இருந்ததால். 1761இல் புதுச்சேரியைப் பிடித்த ஆங்கிலேயர் அங்கிருந்த அச்சு இயந்திரத்தைச் சென்னைக்குக் கொண்டுவந்தார்கள். அது வேப்பேரியில் பாதிரியார் பப்ரீஷியஸ் கைக்குப் போனது. 1835இல் அச்சகம் வைப்பதற்கான கட்டுப்பாடுகள் விலகியபின் நம்மவர்கள் வரிசையாக அச்சகம் தொடங்கினார்கள். ஆறுமுக நாவலரின் வித்தியாநுபாலன யந்திரசாலை இருந்தது தங்கசாலைத் தெருவில். வள்ளலார் குடியிருந்தது ஏழுகிணறு வீராசாமி தெருவில். அவருடைய திருவருட்பாவின் முதல் தொகுதி 1867இல் சென்னையிலேயே அச்சேறியது. கொண்டித்தோப்பு, சூளைப் பக்கம் பெரிய எழுத்துக் கதைகளும் அம்மானைகளும் சிந்துகளும் காலணா, அரையணாவுக்கு வந்துகொண்டே இருந்தன. தாள் மொத்த வியாபாரம் ஆண்டர்சன் தெரு. இவ்வளவும் நடந்துபோகிற தூரத்துக்குள். அச்சடித்த இடத்தில்தான் மிச்சமும் சேரும்.

வாங்க வந்தவர்களுக்கு இடமாக இருந்தது மூர் மார்க்கெட். 1900இல் திறந்த அந்தச் சிவப்புக் கட்டடம் சென்ட்ரலை ஒட்டி இருந்ததால் வெளியூர் ஆசிரியரும் புலவரும் ரயிலை விட்டு இறங்கியதும் முதலில் நுழைந்த இடம் அது.

மூர் மார்க்கெட் எரிந்தபின் என்ன ஆயிற்று?

1985 மே 30 அன்று எரிந்தது. கடைக்காரர்களுக்கு அல்லிக்குளம் வணிக வளாகத்தில் இடம் கொடுத்தார்கள். பழைய இடத்தில் இன்று புறநகர் ரயில் நிலையம் இருக்கிறது. அழிந்த சரக்குக்குப் பட்டியல் எதுவும் கிடையாது, ஏனென்றால் எந்தக் கடையிலும் இருப்புப் புத்தகம் எழுதும் வழக்கம் இருந்ததில்லை. கடைக்காரரின் தலைக்குள்தான் இருப்பு. இந்தப் பழக்கம் இன்னும் மாறவில்லை என்பதைக் கொஞ்சம் கோபத்தோடுதான் சொல்லவேண்டியிருக்கிறது. கையில் ஒரு போன் இருந்தால் முகப்புப் பக்கத்தைப் படம் எடுத்து வைக்க அரை நிமிஷம் போதும்.

ஒரு பழைய நூல் எந்த வழியாகக் கடைக்கு வருகிறது?

வீடு காலியாகிறது, அல்லது பெரியவர் இறந்துபோகிறார். பிள்ளைகள் பேப்பர்காரரைக் கூப்பிட்டு எடைக்குப் போடுகிறார்கள். மூன்று சக்கர வண்டி காயலான் கடைக்கோ பேப்பர் கடைக்கோ போகிறது. அங்கே தாள் தரம் பிரிகிறது: வெள்ளை, செய்தித்தாள், அட்டை, கலர். பிரித்தபின் மூட்டை கட்டிக் காகித ஆலைக்கு.

ஆபத்து அந்தத் தரம் பிரிக்கும் இடத்தில். அட்டைக்குத் தனி விலை என்பதால் கெட்டி அட்டையை முதலில் கிழித்துத் தனியே போடுவார்கள். அட்டையோடு ஒட்டிக்கொண்டு முகப்புப் பக்கமும் போய்விடும். நூலின் பெயர், பதிப்பாளர், ஆண்டு எல்லாமே அந்த ஒரு தாளில்தான். பழைய தமிழ் நூல்களில் தலையில்லாமல் கிடைப்பவை இத்தனை இருப்பதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

எனவே வணிகரின் முக்கியமான முதலீடு புத்தகத்தில் இல்லை, பேப்பர் கடையில் தரம் பிரிக்கிறவரிடம். வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டை, புளியந்தோப்புப் பக்கம் நாலைந்து கடைகளில் சொல்லி வைத்திருப்பார். “அணா விலை போட்டது, பக்க எண் தமிழில் இருப்பது, கையால் எழுதினது, மெலிசாகப் பின் அடித்தது, இதெல்லாம் கிழிக்காமல் ஒரு மூலையில் வையுங்கண்ணே.” எடை விலைக்கு மேல் இரண்டு மடங்கோ மூன்று மடங்கோ கொடுப்பார். தேறாத சரக்கானாலும் முகம் சுளிக்காமல் எடுத்துக்கொள்வார். ஒருமுறை வேண்டாம் என்று சொன்னால் அடுத்த முறை ஒதுக்கி வைக்கமாட்டார்கள்.

பெரம்பூரிலிருந்து வருகிற சரக்கு வேறு மாதிரி: ரயில்வே கையேடு, ஆங்கிலோ இந்தியர் வீட்டு ஆங்கில நாவல், தேவாலய வெளியீடு, ஆலைத் தொழிலாளர் சங்கத் துண்டறிக்கை.

பழசு என்றால் அரிதா?

இல்லை. நூறு வருஷத்துப் பைபிள், நூறு வருஷத்துப் பள்ளி வாசகம், ஆங்கில நாவலின் மலிவுப் பதிப்பு எல்லாம் ஏராளம். தடித்த, கெட்டி அட்டை போட்ட நூலை யாரும் எளிதில் தூக்கி எறிவதில்லை. அதனாலேயே அது தப்பிப்பிழைக்கிறது. எட்டுப் பக்கம், பதினாறு பக்கம் உள்ளவைதான் காணாமல் போகின்றன: கொலைச்சிந்து, ரயில் விபத்துப் பாட்டு, புயல் பாட்டு, நாடக நோட்டீஸ், சினிமா பாட்டுப் புத்தகம், வள்ளலார் பாடல்கள் அருட்பாவா மருட்பாவா என்ற வாதத்தில் இரு தரப்பும் போட்ட கண்டனங்கள், 1949 செப்டம்பரில் ராயபுரம் ராபின்சன் பூங்காவில் தி.மு.க. தொடங்கியதற்கு முன்னும் பின்னும் வந்த இரண்டணா, நாலணாப் பேச்சு நூல்கள். படித்ததும் மடித்துப் பொட்டலம் கட்டுவதற்கென்றே அளவெடுத்த மாதிரி இருக்கும் இவை.

வேறொரு வகை, அரசு அழித்தது. 1910 அச்சுச் சட்டத்தின் கீழ்ப் பறிமுதலான வெளியீடுகளில் எஞ்சிய பிரதிகளை விரல்விட்டு எண்ணலாம்.

மிகப் பழையதைத் தேடி அலைபவர்களுக்கு ஒரு வார்த்தை. 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ இருப்பது அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில். அது அல்லிக்குளத்தில் கிடைக்காது. 1880க்கும் 1950க்கும் இடைப்பட்ட மெலிந்த நூல்களில் கண் வைப்பது பலன் தரும்.

ஆண்டு போடாத நூலுக்குக் காலம் கணிப்பது எப்படி?

ஒரே சாட்சியை நம்பாமல் நாலைந்தைச் சேர்த்துப் பார்க்கவேண்டும்.

முதலில் தமிழ் வருஷப் பெயர். அறுபது வருஷச் சுற்று பிரபவவில் தொடங்குகிறது: 1807, 1867, 1927, 1987. பிரபவவை ஒன்றாக வைத்து எண்ணிக்கொண்டு வாருங்கள். சர்வஜித்து இருபத்தொன்று, ஆக 1887. உ.வே.சாமிநாதையரின் சீவகசிந்தாமணிப் பதிப்பு வந்த வருஷம் அது. விகாரி முப்பத்து மூன்று, ஆக 1899 அல்லது 1959. சித்திரையில் பிறக்கும் வருஷம் என்பதால் ‘விகாரி, தை’ என்றிருந்தால் அது 1900 (அல்லது 1960) ஜனவரி, பிப்ரவரி. பலர் சறுக்குவது ஜனவரிக்கும் சித்திரைக்கும் இடைப்பட்ட இந்த மூன்று மாதத்தில்தான். எந்தச் சுற்று என்பதைத் தாளும் விலையும் சொல்லிவிடும்.

தெற்கத்தி நூலில் கொல்லம் ஆண்டு இருக்கும். அதனோடு 824 அல்லது 825 கூட்டவேண்டும். கொல்லம் 1100 என்பது 1924 ஆகஸ்டில் தொடங்கி 1925 ஆகஸ்டில் முடிந்தது. சக ஆண்டானால் 78 கூட்டவும். கலியுக ஆண்டானால் 3101 கழிக்கவும். எண்கள் தமிழ்க் குறிகளில் இருந்தால் ௰ பத்து, ௱ நூறு, ௲ ஆயிரம். ௲௮௱௮௰௭ என்றால் 1887.

அடுத்தது விலை. ரூபாய், அணா, பை என்றிருந்தால் 1957 ஏப்ரலுக்கு முன். ‘ந.பை.’ (நயா பைசா) என்றிருந்தால் 1957க்கும் 1964க்கும் இடையில். விலையில் பசைச் சீட்டு ஒட்டியிருந்தால் வெளிச்சத்தில் பிடித்து அடியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். விற்காத பழைய பிரதிக்குப் புதுப் பணத்தில் விலை ஒட்டியிருப்பார்கள்.

மூன்றாவது முகவரி. ‘சென்னை–600 001’ போல ஆறு இலக்கம் இருந்தால் 1972 ஆகஸ்ட் 15க்குப் பின். ‘சென்னை–1’ என்று மட்டும் இருந்தால் பெரும்பாலும் அதற்கு முன். ‘தமிழ்நாடு அரசு’ என்ற சொல் அச்சில் இருந்தால் 1969க்கு முன் வந்திருக்க வாய்ப்பு குறைவு.

நான்காவது எழுத்து. லை, னை, ணை ஆகியவை பழைய கொம்பு வடிவில் இல்லாமல் இன்றைய வடிவில் இருந்தால், 1978 அரசாணைக்குப் பிந்தைய அச்சு என்று பொதுவாகச் சொல்லலாம். ஒரு விலக்கு: பெரியார் தம் இதழ்களில் 1935லேயே இந்தச் சீர்திருத்தத்தைக் கொண்டுவந்துவிட்டார். சுயமரியாதை இயக்க வெளியீட்டைப் புது எழுத்து இருக்கிறதே என்று 1978க்குப் பின் தள்ளிவிடாதீர்கள். நல்ல சரக்கு கை நழுவும்.

ஐந்தாவது தாள். கந்தல் துணியில் செய்த பழைய தாள் நூற்றைம்பது வருஷமானாலும் வளையும், வெளிச்சத்தில் கோடுகளோ நீர்க்குறியோ தெரியும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் வந்த மரக்கூழ்த் தாள் ஓரத்திலிருந்து உள்நோக்கிப் பழுப்பேறி ஒடியும். தாளுக்குள்ளேயே அமிலம் இருப்பதுதான் காரணம். படிகாரமும் பைன் மரப் பிசினும் சேர்த்துத் தாளுக்குப் பூச்சுக் கொடுத்தார்கள். வெப்பமும் ஈரமும் சேரும்போது அது அமிலமாகிறது. இரண்டாம் உலகப்போர்க் காலத்து நூல் என்றால் தாள் தட்டுப்பாட்டால் மெல்லிய, சொரசொரப்பான தாளும் நெருக்கியடித்த எழுத்தும்.

இவற்றுக்குப் பிறகு பட்டியல்களைப் பார்க்கலாம். 1867 சட்டப்படி ஒவ்வொரு அச்சகமும் பிரதி கொடுத்துப் பதிய வேண்டியிருந்தது. அதை வைத்துச் சென்னை மாகாண அரசு காலாண்டுப் பட்டியல் வெளியிட்டது. அதில் அச்சகம், பக்கம், விலை, எத்தனை பிரதி என்பதெல்லாம் இருக்கும். அதற்கு முந்தையவற்றுக்கு 1865இல் ஜான் மர்டாக் வெளியிட்ட பட்டியல் உண்டு. லண்டனில் இருப்பவற்றுக்குப் பார்னெட்டும் போப்பும் தொகுத்த 1909 பட்டியல்.

உண்மையான பழைய அச்சா, பின்னால் வந்த நகலா?

பக்கத்தின் பின்புறத்தை விரல்நுனியால் தடவுங்கள். ஈய எழுத்தில் அடித்த தாளில் எழுத்து அழுந்திய மேடு தட்டுப்படும். விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் கண்ணுக்கே தெரியும். பழைய பக்கத்தைப் படம் பிடித்து அச்சடிக்கும் ஆப்செட் நகலில் தாள் மொழுமொழுவென்றிருக்கும், எழுத்தின் ஓரம் லேசாகக் கலங்கியிருக்கும், பழைய பிரதியில் யாரோ பேனாவால் போட்ட கோடு கூட அச்சாக வந்திருக்கும். நகல் பதிப்பில் மூல ஆண்டு அப்படியே பதிவாகியிருப்பதுதான் குழப்பம். பின்னட்டை உள்பக்கத்தையும் முகப்புக்குப் பின்பக்கத்தையும் பார்க்காமல் விலை பேசாதீர்கள். சென்னை வரலாற்றுக்கு எல்லோரும் தேடும் எச்.டி.லவ்வின் ‘வெஸ்டிஜஸ் ஆஃப் ஓல்ட் மெட்ராஸ்’ 1913ஆம் ஆண்டுத் தொகுதிகளுக்கு டெல்லி மறுபதிப்பு இருக்கிறது. இரண்டுக்கும் விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

புத்தகம் முழுசாக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

பக்க எண்ணை மட்டும் நம்பக்கூடாது. முகவுரை, சிறப்புப்பாயிரம், அகராதி ஆகியவற்றுக்குத் தனித்தனி எண் வரிசை இருக்கும். நூல் பாரம் பாரமாக, அதாவது பெரிய தாளில் அடித்து மடித்த பக்கத் தொகுதிகளாக, அச்சாகிறது. டெமி எட்டு, கிரவுன் எட்டு என்ற அளவு நூல்களில் பெரும்பாலும் பாரத்துக்குப் பதினாறு பக்கம். ஒவ்வொரு பாரத்தின் முதல் பக்கத்து அடியில் சின்ன எண் ஒன்று இருக்கும். பக்கம் 1, 17, 33 என்று பதினாறு பதினாறாகப் போய், அந்தச் சின்ன எண் 1, 2, 3 என்று தொடர்கிறதா என்று புரட்டினால் விடுபட்ட பாரம் இரண்டு நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

படங்களுக்குப் பக்க எண் இராது. படப் பட்டியல் இருந்தால் ஒவ்வொன்றாக ஒத்துப் பாருங்கள். படத்தை வெட்டி எடுத்துச் சட்டம் போட்டு விற்பவர்கள் இருக்கிறார்கள். சட்டப்படி அது அவர்கள் சொத்துதான். ஆனாலும் முழு நூலைக் கிழித்து விற்பவரை வணிகர் என்று சொல்ல வாய் வரவில்லை.

தொகுதி நூல்களில் எப்போதும் காணாமல் போவது கடைசித் துண்டு. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதி. 1939இல் வந்த அநுபந்தத்தையும் சேர்த்தால்தான் முழு செட். ஆறைக் கையில் வைத்துக்கொண்டு ‘செட் பூரா இருக்கு’ என்று சொல்பவரிடம் ஏழாவதைக் கேளுங்கள். பிழைதிருத்தப் பட்டியல் தனித் தாளாக ஒட்டியிருந்ததா என்பதையும் பாருங்கள்.

விலை எப்படி நிர்ணயமாகிறது?

யாருக்கு வேண்டும், எத்தனை பிரதி வெளியே இருக்கிறது, இந்தப் பிரதி என்ன நிலையில் இருக்கிறது. இதே வரிசைதான். நல்ல ஸ்கேன் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கத் தொடங்கினால் படிப்பதற்காக வாங்குகிறவர் விலகுவார்; நடுத்தர நூலின் விலை விழும். முதற்பதிப்பின் விலை பெரும்பாலும் விழாது, சில சமயம் ஏறும். ஆசிரியர் கையெழுத்து விலை ஏற்றும். பரிசு கொடுத்த தலைமையாசிரியர் கையெழுத்து ஏற்றாது.

மேலட்டை இருப்பது, ஓரம் வெட்டாமல் இருப்பது, விளம்பரப் பக்கங்கள் கிழியாமல் இருப்பது எல்லாம் கணக்கில் வரும். அந்த விளம்பரப் பக்கத்தில்தான் அதே பதிப்பாளரின் மற்ற வெளியீடுகள், விலை, முகவரி இருக்கும். ஆராய்ச்சியாளர் சில சமயம் நூலை விட்டுவிட்டு அதைத்தான் கேட்பார்.

வீட்டில் தாத்தா சேர்த்த நூல்களை விற்கவேண்டும். எங்கே தொடங்குவது?

ஒழுங்குபடுத்தாதீர்கள். கேட்பதற்கு விநோதமாக இருக்கும், ஆனால் வீட்டார் ‘சுத்தம் செய்வது’தான் அதிகச் சேதம். மெலிந்தவற்றை ‘இது ஒன்றுமில்லை’ என்று தள்ளிவிட்டுத் தடித்தவற்றை அடுக்கி வைத்திருப்பார்கள். உள்ளே செருகியிருந்த கடிதம், ரசீது, நாடக டிக்கெட் எல்லாம் குப்பைக்குப் போயிருக்கும்.

வரிசையாக முகப்புப் பக்கங்களையும் கடைசிப் பக்கங்களையும் போனில் படம் எடுங்கள். அலமாரித் தட்டு முழுவதையும் முதுகு தெரிய ஒரு படம். ஈரத்துணியால் துடைக்கவேண்டாம்; மெல்லிய பெயிண்ட் பிரஷ் போதும். பிறகு இரண்டு பேரிடமாவது காட்டுங்கள். மொத்த லாட்டாகக் கேட்பவர் தருவது தேர்ந்தெடுத்து வாங்குபவர் தருவதைவிடக் குறைவாக இருக்கும், ஆனால் உங்களுக்கு வீடு காலியாகும். எது தேவையோ அதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள்.

மூவாயிரம் ரூபாய்க்கு விற்கலாம் என்று வணிகர் நினைக்கும் நூலுக்கு உங்களிடம் ஆயிரம் முதல் ஆயிரத்து ஐந்நூறு வரை தருவது நியாயமான வியாபாரம். காரணம் மேலே சொன்ன ஐந்து வருஷக் காத்திருப்பு. பெயர், விலை எழுதாமல் ‘பழைய புக்ஸ்’ என்று ஒரே வரியில் ரசீது தந்தால் வாங்காதீர்கள். தாத்தா பெயரில் தொகுப்பு உடையாமல் இருக்கவேண்டும் என்று நினைத்தால் விற்காமல் நூலகத்துக்குக் கொடுப்பதே வழி. கொடுக்கும்முன் பட்டியல் எழுதி இரு பக்கமும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். பட்டியல் இல்லாமல் கொடுத்த நூல் எங்கே போனது என்று பிறகு யாரையும் கேட்க முடியாது.

நூலக முத்திரை இருந்தால் வாங்கலாமா?

நீக்கம் செய்த முத்திரையும் தேதியும் இருந்தால் வாங்கலாம். வெறும் உடைமை முத்திரையும் சேர்க்கை எண்ணும் மட்டும் இருந்தால் அந்த நூலகத்தில் கேட்டுவிட்டு. முத்திரை இருந்த இடம் வெட்டியோ சுரண்டியோ இருந்தால் வேண்டாம். நூலகங்கள் முகப்பில் மட்டுமின்றி உள்ளே ஒரு குறிப்பிட்ட பக்கத்திலும் முத்திரை போடுவது வழக்கம். திருடியவருக்கு அது தெரிவதில்லை.

வட சென்னை ஈரத்தில் எப்படிப் பாதுகாப்பது?

காற்றில் ஈரம் 65 விழுக்காட்டைத் தாண்டினால் பூஞ்சை பிடிக்கும். ராயபுரம், தண்டையார்பேட்டைக் கடற்காற்றில் மழைக்காலம் முழுக்க அதற்கு மேல்தான். நானூறு ஐந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஈரப்பதமானி ஒன்றை அலமாரியில் வையுங்கள். அலமாரி சுவரிலிருந்து நாலு விரற்கடை தள்ளி, அடித்தட்டு தரையிலிருந்து அரையடி உயரத்தில். கண்ணாடி அலமாரியை இறுக மூடி வைப்பதைவிடக் காற்றோட்டம் நல்லது.

ராமபாணப் பூச்சி துளைத்த நூலை வெயிலில் காயவைக்கும் பழக்கம் தாளையும் மையையும் கெடுக்கிறது, உள்ளே இருக்கும் முட்டையோ அப்படியே இருக்கும். பாலித்தீன் பையில் காற்றை வெளியேற்றி ஒட்டி, மைனஸ் 18 டிகிரி எட்டும் டீப் ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். சாதாரண ஃபிரிட்ஜின் ஐஸ் பெட்டி பல சமயம் அந்தக் குளிரை எட்டாது. எடுத்ததும் பையைப் பிரிக்காமல் ஒரு நாள் முழுவதும் அறையில் விடவேண்டும், இல்லையென்றால் குளிர்ந்த தாளில் நீர் கோத்துக்கொள்ளும். வசம்புத் துண்டு பூச்சி வராமல் தடுக்க உதவும். வந்துவிட்ட பூச்சியைக் கொல்லாது.

வெள்ளம் புகுந்துவிட்டால் 48 மணி நேரம்தான் கெடு, அதற்குள் பூஞ்சை தொடங்கிவிடும். நனைந்த நூலைத் திறக்காதீர்கள். சேறு இருந்தால் மூடியபடியே நல்ல தண்ணீரில் மெதுவாக அலசுங்கள், ஆனால் பேனா மையால் எழுதியதை அலசக்கூடாது. நிறைய இருந்தால் இரண்டிரண்டாகப் பையில் போட்டு உறையவைத்துவிட்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் காயவைக்கலாம். கொஞ்சம்தான் என்றால் இருபது தாளுக்கு ஒருமுறை அச்சடிக்காத வெள்ளைத் தாளைச் செருகி, மின்விசிறிக் காற்றில், மணிக்கொருமுறை மாற்றிக்கொண்டே இருங்கள். வழவழப்பான ஆர்ட் பேப்பர் காய்ந்தால் பலகையாக ஒட்டிக்கொள்ளும், பிரிக்கவே முடியாது. முதலில் கவனிக்கவேண்டியது அதைத்தான். 2023 டிசம்பரில் எண்ணூர்ப் பக்கம் வந்ததுபோல எண்ணெய் கலந்த வெள்ளம் என்றால் அலசுவது கறையைப் பரப்பும். அவற்றைத் தனியே பிரித்து வைத்துவிட்டு மற்றவற்றைக் காப்பாற்றுங்கள்.

கிழிந்ததை பைண்டிங் செய்யலாமா?

பக்கத்துத் தெரு பைண்டரிடம் மட்டும் வேண்டாம். அவர் கெட்டிக்காரர், ஆனால் அவர் கற்ற வேலை கணக்குப் புத்தகத்துக்கானது. மூன்று பக்கமும் கட்டிங் மிஷினில் தள்ளி ஓரத்தைச் சமன் செய்வார். அதில் ஓரக்குறிப்பும், சில சமயம் பக்க எண்ணும் போகும். முதுகுத் தையலை வெட்டிவிட்டுப் பக்கவாட்டில் துளை போட்டுத் தைப்பார். பிறகு நூல் முழுசாகத் திறக்காது, ஒடியும் தாள் தையல் ஓரத்திலேயே உடையும். மைதாப் பசையில் பூச்சிக்காக மயில்துத்தம் கலப்பார்கள். பூச்சி வராது என்பது உண்மை. அந்தச் செப்பு உப்பு தாளைப் பழுப்பாக்கி அரிப்பதும் உண்மை.

செலோ டேப் ஒட்டினால் சில வருஷத்தில் டேப் உதிர்ந்து பசை மட்டும் மஞ்சளாகத் தாளுக்குள் இறங்கிவிடும். லேமினேஷன் செய்தால் அது திரும்பாத வழி. கிழிசலுக்கு மெல்லிய ஜப்பானியத் தாளும் கோதுமை ஸ்டார்ச் பசையும்தான். நாளைக்கு ஈரம் காட்டினால் பிரிந்துவரும் என்பதே அதன் சிறப்பு. எதுவும் தெரியாவிட்டால் அளவுக்கு ஒரு அட்டைப் பெட்டி செய்து, பருத்தி நாடா கட்டி வையுங்கள். அது போதும்.

மெலிந்த வெளியீடுகளில் நடுவில் அடித்த இரும்புப் பின் துருப்பிடித்திருக்கும். பிடுங்கி இழுத்தால் தாளோடு வரும். நடுப்பக்கத்தைத் திறந்து, மெல்லிய தகட்டைப் பின் காலுக்கு அடியில் செருகிப் பின்னுக்கும் தாளுக்கும் இடையில் வைத்து, கால்களை நிமிர்த்தி, முதுகுப் பக்கமாக மெதுவாக வெளியே எடுங்கள். அதே துளை வழியாகப் பருத்தி நூலால் ஒரு தையல்.

வெளிநாட்டுக்கு அனுப்பலாமா?

1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, அறிவியல், வரலாறு, இலக்கியம் அல்லது அழகியல் மதிப்புள்ள கையெழுத்துப் பிரதியோ ஆவணமோ 75 வருஷத்தைத் தாண்டினால் தொல்பொருள். மற்ற பொருளுக்கு வரம்பு 100 வருஷம். தொல்பொருளை மத்திய அரசோ அது அதிகாரம் அளித்த அமைப்போ தவிர வேறு யாரும் ஏற்றுமதி செய்யமுடியாது. மீறினால் ஆறு மாதம் முதல் மூன்று வருஷம் வரை சிறை. உள்நாட்டில் தொல்பொருள் வியாபாரத்துக்கும் உரிமம் வேண்டும். அச்சு நூல்தானே என்று நூறு வருஷத்து நூலைப் பார்சல் கட்டிவிடாதீர்கள். தொல்லியல் துறையிடம் ‘தொல்பொருள் அல்ல’ என்று சான்று வாங்கிக்கொள்வது பாதுகாப்பு.

பதிப்புரிமை வேறு விஷயம். பழைய பிரதி உங்கள் கையில் இருப்பதால் மறுபதிப்பு போடும் உரிமை வந்துவிடாது. ஆசிரியர் இறந்து 60 வருஷம் ஆகவேண்டும்.

எல்லாம் ஸ்கேன் ஆகிவிட்டபின் இந்த வணிகர்களுக்கு என்ன வேலை?

ஸ்கேன் செய்ய ஒரு பிரதி வேண்டுமே. அதை ஆலை மூட்டையிலிருந்து பிரித்தெடுத்தவர் யார் என்பது எந்த அட்டவணையிலும் வராது. கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிய ரோஜா முத்தையா சுமார் ஒரு லட்சம் நூல், இதழ், நோட்டீஸ்களைச் சேர்த்தார். அவர் 1992இல் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் 1994இல் அதை வாங்கிச் சென்னையிலேயே நூலகமாக வைத்தது. மறைமலையடிகள் சேர்த்த நூல்கள் 1958இல் லிங்கிச் செட்டித் தெருவில் நூலகமாயின. இப்படி ஒவ்வொரு பெரிய சேகரிப்புக்குப் பின்னாலும் பேர் தெரியாத நாலு கடைக்காரர்கள் ‘உங்களுக்கென்று ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன்’ என்று சொல்லியிருப்பார்கள். அவர்கள் எதை மதித்தார்களோ அது தப்பித்தது. மதிக்காதது கூழானது. பெண்கள் எழுதிய சிறு வெளியீடுகளும் தலித் இதழ்களும் இன்று இவ்வளவு அரிதாக இருப்பதில் அவர்களுடைய அலட்சியத்துக்கும் பங்குண்டு.

பொய்யைப் பிடிப்பதும் இவர்கள் வேலைதான். இங்கிலாந்தில் பெரும் நூலறிஞராகக் கொண்டாடப்பட்ட தாமஸ் வைஸ் போலி முதற்பதிப்புகளைத் தயாரித்துப் பரப்பியதை 1934இல் வெளிக்கொண்டு வந்தவர்கள் ஜான் கார்ட்டர், கிரகாம் போலார்ட் என்ற இரண்டு இளம் புத்தக வணிகர்கள். 1847 என்று ஆண்டு போட்ட ஒரு கவிதை நூலின் தாளில் இரசாயன மரக்கூழ் இருந்தது. அது 1874க்கு முன் அங்கே தாளில் சேர்ந்ததே இல்லை. தாளைப் பார்க்கத் தெரிந்ததால் பிடிபட்டது.

இந்தத் தொழிலில் இறங்க என்ன வேண்டும்?

கடை கடைசியில். முதலில் ஒரு துறையைப் பிடித்துக்கொள்ளுங்கள்: சித்த மருத்துவம், நாடகம், தொழிற்சங்கம், சமையல், எதுவானாலும். அந்தத் துறையில் வந்த நூல்களின் பட்டியலை நீங்களே எழுதுங்கள், விற்பனை விலையை ஒவ்வொரு முறையும் தேதியோடு குறித்து வையுங்கள். வாராவாரம் அல்லிக்குளம் போய் வாங்காவிட்டாலும் புரட்டுங்கள். முதல் ஒரு வருஷம் தவறாக வாங்குவீர்கள், அதனால் சிறு தொகையாகவே வாங்குங்கள். பாடநூல் வியாபாரம் பக்கத்தில் இருக்கட்டும்.

ஓலைச்சுவடி ஒன்று கிடைத்திருக்கிறது. விற்கலாமா?

விற்கவேண்டாம், கயிற்றை அவிழ்க்கவும் வேண்டாம். மேலே சொன்ன தொல்பொருள் சட்டம் இதற்கு நேராகப் பொருந்தும். சட்டத்தை விடுங்கள், காய்ந்த ஓலை துளையோரத்தில் பிளந்துவிடும். இரண்டு மரச்சட்டத்துக்கு நடுவில் இருக்கிறபடியே பருத்தித் துணியில் சுற்றி, அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் காட்டுங்கள்.